அம்மாக்கண்ணுவின் வயது

4-10-1937, திங்கள்

காலையிலிருந்து மழை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. கணக்குப் பாடத்தை விட்டுவிட்டு எல்லோரையும் எழுத வைத்தேன். உடையாத சிலேட்டு பதினாறு, பிள்ளைகள் முப்பத்தெட்டு. முறை வைத்து எழுதினார்கள். முறைக்காக நாலு அடிதடி.

இன்ஸ்பெக்டர் இருபத்தெட்டாம் தேதி வருகிறார் என்று கடிதம். மறுநாளிலிருந்து தீபாவளியோடு சேர்த்து அரைத்தவணை லீவு. மூன்றாம் வகுப்புப் பரீட்சைக்கு நிற்க என்னிடம் இருப்பது ஒரே ஒரு பிள்ளை. பணிய லயத்து வரிசை வீட்டு மீனம்மா மகள் அம்மாக்கண்ணு, வயது ஒன்பது. அவள் பாஸானால் லீவு முடிந்ததும் நாலாம் வகுப்பு திறந்துகொள்ளலாம் என்று போன தடவையே இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கிறார். இந்த ஒத்தக்கல் தேயிலைத் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வந்து பன்னிரண்டு வருஷம். நாலாம் வகுப்பு என்று ஒன்று இருந்ததே இல்லை. பத்து வயதானதும் கூடையை மாட்டிக் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டில் பேர் விழுந்துவிட்டால் அதோடு படிப்புக்குக் கும்பிடு.

இந்த வருஷம் விடமாட்டேன். எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியாதபடி.

6-10-1937, புதன்

மலை வேலையை மேற்பார்க்க ஆகஸ்டில் வந்த புதுக் கண்டாக்கு முதலில் லயத்துக் கோழிகளை எண்ணினார். பிறகு ஆடுகளை எண்ணினார். இப்போது பிள்ளைகளை எண்ணுகிறாராம். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து மனுஷனைக் கடித்த கதை. பத்து வயது தாண்டிய எவனும் எவளும் பெரட்டுக்கு வராமல் இருக்கக் கூடாதாம். மலையில் கொழுந்து முற்றுகிறதாம்.

முற்றட்டும்.

8-10-1937, வெள்ளி

கண்டாக்கு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார். பிள்ளைகள் எழுந்து சலாம் வைத்து உட்கார்ந்தார்கள். அவர் கண் அவர்கள்மேல் போகவில்லை, கையிலிருந்த காகிதத்தின்மேலேயே இருந்தது.

"அம்மாக்கண்ணு யாரு?"

அவள் எழுந்து நின்றாள். நின்றாலும் முன் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு மேலே தலையும் கழுத்தும்தான் தெரியும்.

"ஆபீஸ் புஸ்தகத்துல பன்னெண்டு வயசுன்னு இருக்கு. ஒம்ம இடாப்புல?"

வரவு இடாப்பைத் திறந்து ஒன்பது என்றேன்.

"மூணு வயசு எங்க போச்சு வாத்தியாரே? பள்ளிக்கொடத்துத் தலைக் கணக்கக் கூட்டிக் காட்டணும்னு பொய் வயசு எழுதுறீரா?"

அவளைப் பாருங்கள், பன்னிரண்டு வயதுப் பிள்ளை மாதிரியா இருக்கிறாள் என்று கேட்டேன். சோறு இல்லாமல் வளர்ந்ததுகள் அப்படித்தான் குள்ளமாக இருக்கும் என்றார். பதினெட்டாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து அவள் பெரட்டில் நிற்க வேண்டுமாம். போகும்போது வாசலில் நின்று, "கூடைக்காரி மகன் வாத்தியாரானா இப்படித்தான்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

ஆமாம், என் தாய் கூடைக்காரிதான். நாற்பது வருஷம் கூடை சுமந்தாள். அதைச் சொல்லி என்னைக் குனிய வைக்கலாம் என்று நினைத்தால் வேறு ஆளைப் பார்க்கட்டும்.

ஆனால் மூன்று வயது எங்கே போனது?

9-10-1937, சனி

வேலை முடிந்து வரும் நேரம் பார்த்து மீனம்மாவின் ஒற்றை அறைக் காம்பிராவுக்குப் போனேன். அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் அழகுமுத்து மூலையில் உட்கார்ந்திருந்தான். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை செய்கிறவன், வாயைத் திறக்காத மனுஷன். பிள்ளை தண்ணீருக்குப் போயிருந்தது.

கேட்டதும் மீனம்மா ரொட்டியைத் திருப்பாமல் அப்படியே விட்டாள். அது கருகியது. பிறகு சொன்னாள். இருபத்தைந்தாம் வருஷம் ஒரு பெண் பிறந்தது. மாமியார் பேரை வைத்து அம்மாக்கண்ணு என்று கூப்பிட்டார்கள். ஆபீஸில் பேர் பதிந்தார்கள். இரண்டு வயதில், ஒரு அடைமழை மாதத்தில், நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டது. ஏழாம் நம்பர் மலையில் புதைத்தார்கள். பேரை வெட்டச் சொல்லி யாரும் ஆபீஸுக்குப் போகவில்லை. போகலாம் என்ற புருஷனை இவள் விடவில்லை. மறு வருஷம் பிரசவத்துக்குக் கப்பலேறி ஊருக்குப் போனாள். துறையூருக்குப் பக்கத்தில் ஏதோ கிராமம். கைக்குழந்தையோடு திரும்பி வந்தபோது கணக்கப்பிள்ளை சிவசாமி பேர் கேட்டிருக்கிறார். அம்மாக்கண்ணு என்றாள். புத்தகத்தைப் பார்த்து, "அதான் ஏற்கெனவே இருக்கே" என்று மூடிவிட்டார்.

அவ்வளவுதான். செத்தவளின் பேரில், செத்தவளின் வயதில், இவள் இருக்கிறாள்.

"எதுக்குங்க வாத்தியாரய்யா ரெண்டு ரெண்டா எழுதணும்? போனவதான் திரும்பி வந்திருக்கா. மூக்கு, காது எல்லாம் அவளேதான்" என்றாள்.

10-10-1937, ஞாயிறு

கண்டாக்கு வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். சிரித்தார். சரி, மூத்தது செத்துப்போய்விட்டது என்று தாயிடம் ஒரு கைநாட்டு வாங்கி வாரும், அந்தப் பேரை வெட்டிவிட்டு இதைப் புதிதாக எழுதிக்கொள்கிறோம் என்றார். ஒரு கைநாட்டுத்தானே! இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்கு மேட்டு லயம் ஏறும்போது விசில் அடித்துக்கொண்டே வந்தேன். என் வீட்டுக்காரி அன்னம்மா, "என்னங்க, கலியாண மாப்பிள்ளை மாதிரி வர்றீங்க" என்றாள்.

12-10-1937, செவ்வாய்

மாட்டேன் என்கிறாள்.

அழகாக எழுதிக்கொண்டு போனேன். 'என் மகள் அம்மாக்கண்ணு என்பவள் 1927ஆம் வருஷம் இறந்துபோனாள் என்று இதனால் உறுதி கூறுகிறேன்.' வாசித்துக் காட்டினேன். மைப்பெட்டியைத் திறந்தேன். அவள் கட்டை விரலை மடக்கிக் கைக்குள்ளே வைத்துக்கொண்டாள்.

"அம்மாக்கண்ணு செத்துப்போச்சுன்னு நான் கைநாட்டு வைக்கணுமா? கூப்பிட்டா ஓடியாறாளே, அவள வச்சுக்கிட்டா?"

மூத்தவளைத்தான் சொல்கிறது என்றேன். காகிதத்தில் மூத்தவள் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டாள். எழுத்துத் தெரியாதவள் கேட்ட கேள்வி, எழுதினவனுக்குத் தோன்றவில்லை. சேர்த்து எழுதுகிறேன் என்றேன். அதுவும் வேண்டாம் என்றாள். பத்து வருஷமாக அந்த வார்த்தையை அவள் வாயால் சொன்னதில்லையாம். சொன்னால் இவளும் போய்விடுவாளாம்.

எனக்குக் கோபம் வந்தது. வந்தது என்ன, எப்போதும் வாசலிலேயே நிற்கிற கோபம். கத்தினேன். "செத்தவள கட்டிப்புடிச்சுக்கிட்டு இருக்கறவள கொல்லப் போறியா? அவ செத்துட்டா! செத்துப் பத்து வருஷம் ஆச்சு!"

திரும்பினால் கதவுப் பக்கத்தில் தண்ணீர்க் குடத்தோடு பிள்ளை நிற்கிறாள்.

13-10-1937, புதன்

அன்னம்மா சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள். அது போதும், நான் செய்தது என்ன என்று தெரிய.

15-10-1937, வெள்ளி

அம்மாக்கண்ணு பள்ளிக்கூடம் வந்தாள். வாய்ப்பாடு ஒப்பித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டாம் வாய்ப்பாட்டில் ஒரு இடத்தில்கூடத் தடங்கவில்லை. ஒரு வார்த்தை சமாதானமாகச் சொல்லலாம் என்று இரண்டு முறை பக்கத்தில் போனேன். 'கையெழுத்து நன்றாக இருக்கிறது' என்றுதான் வாயில் வந்தது.

18-10-1937, திங்கள்

போய்விட்டாள். தலையில் சாக்கு, முதுகில் கூடை. கூடைக்கு இரண்டு கால் முளைத்து நடப்பதுபோல இருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கீழேதான் பாதை. முப்பத்தேழு பிள்ளைகளும் ஜன்னலுக்கு ஓடினார்கள். உட்காருங்கள் என்று அதட்டவில்லை. பார்க்கட்டும். அடுத்த வருஷம் அவர்கள் முறை.

19-10-1937, செவ்வாய்

இடாப்பில் வராத பிள்ளைக்கு ஒரு சுழி போட வேண்டும். அவ்வளவுதான் விதி. நான் அம்மாக்கண்ணுவின் பேருக்கு நேரே சிவப்பு மையில் எழுதினேன்: 'தோட்டத்து வேலைக்கு அனுப்பப்பட்டாள். வயது ஒன்பது.'

நேற்றைக்கும் சேர்த்து எழுதினேன். இருபத்தெட்டாம் தேதி வரை தினமும் எழுதுவேன். சிவப்பு மை தீர்ந்தால் செம்பருத்திப் பூவைப் பிழிந்து எழுதுவேன்.

21-10-1937, வியாழன்

யார் போய்ச் சொன்னார்களோ, கண்டாக்கு வந்துவிட்டார். இடாப்பைக் கேட்டார். பிடித்துக்கொண்டே காட்டினேன்.

"அழிச்சிரும்."

இடாப்பில் அழித்தல் குற்றம் என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது என்றேன். வாசித்தும் காட்டினேன். அப்படியானால் பக்கத்தைக் கிழியும் என்றார். கிழித்தல் பற்றி இரண்டாவது வரியில் இருக்கிறது, அதையும் வாசிக்கட்டுமா என்றேன். பின் பெஞ்சில் ஒருவன் சிரித்துவிட்டான். அதுதான் மனுஷனுக்குத் தாங்கவில்லை.

"தொரைகிட்ட சொல்லி ஒமக்குப் பத்துச்சீட்டு குடுத்து அனுப்பறேன் பாரும்" என்றார்.

வேலை போனால் என்ன செய்வது? அன்னம்மாவிடம் சொன்னேன். "லிந்துலையில எங்க சின்னையா கடையில மூட்ட தூக்கலாங்க. நீங்க வாய வச்சுக்கிட்டு அங்கயும் ரெண்டு நாள் இருக்க மாட்டீங்க, அதான் யோசிக்கிறேன்" என்றாள். பிறகு சிரித்தோம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவளைப்போல ஒரு துணிச்சல்காரியை நான் பார்க்கவில்லை. ஆனால் இதை அவளிடம் சொல்வதில்லை.

23-10-1937, சனி

மத்தியானம் அரைநாள் வேலை முடிந்ததும் அம்மாக்கண்ணு வீட்டுக்கு வந்தாள். விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்திருக்கிறது. காலில் அட்டை கடித்த இடங்கள். வகுத்தல் கணக்கு மறந்துபோகிறது, சொல்லித் தாருங்கள் என்றாள். வாசல்படியில் உட்கார்ந்து பத்துக் கணக்குப் போட்டோம். ஆறு சரி.

ஏழாவது கணக்குக்கு நடுவில், சிலேட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: "செத்துப்போனது நான்தானுங்களா?"

அட கடவுளே! பத்து நாளாக இந்தப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டு மலை ஏறியிருக்கிறது. நான் கூடையைத்தான் பார்த்தேன்.

இல்லை என்றேன். உனக்கு முன்னால் ஒரு அக்கா இருந்தாள், அவளுக்கும் இதே பேர் என்றேன். மற்றதை உன் அம்மாவிடம் கேள், உன் அம்மா சொல்லவேண்டியது அது என்றேன். அன்றைக்குக் கத்தினது என் தப்பு என்றும் சொன்னேன். ஒரு வாத்தியார் பிள்ளையிடம் தப்பு என்று சொன்னால் மரியாதை போய்விடும் என்பார்கள். போனால் போகட்டும், அந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

24-10-1937, ஞாயிறு

விறகுக்குப் போன அன்னம்மா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். மீனம்மாவும் பிள்ளையும் ஏழாம் நம்பர் மலையில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தார்களாம். மீனம்மா முன்னால், பிள்ளை பின்னால். கையில் கூடை இல்லை. வெகுநேரம் கழித்துத்தான் இறங்கினார்களாம். யாரும் அழுத மாதிரி தெரியவில்லை என்றாள்.

26-10-1937, செவ்வாய்

துரை நாளைக்குக் காலைப் பெரட்டுக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறார், இடாப்போடு. போகிறேன். சிவப்பு மை எழுத்து ஏழு வரி இருக்கிறது. நாளைய வரியைத் திரும்பி வந்து எழுத வேலை இருக்குமோ என்னவோ.

27-10-1937, புதன்

நிதானமாக எழுத வேண்டும்.

விடியும் முன்னே போய்விட்டேன். மூட்டமான மூட்டம், பின்வரிசையில் நிற்பவன் முகம் தெரியாது. துரை குதிரையை விட்டு இறங்காமல் இருந்தார். கண்டாக்கு என்னைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பெரட்டு முடியட்டும் என்று துரை கையைக் காட்டினார். கணக்கப்பிள்ளை சிவசாமி பேர் கூப்பிட ஆரம்பித்தார்.

மீனம்மா நின்றாள். தனியாக. தன் பேருக்குக் குரல் கொடுத்தாள்.

"அம்மாக்கண்ணு!"

பதில் இல்லை.

"அம்மாக்கண்ணு! எங்க மீனம்மா ஒம் மக?"

"மலையிலதாங்க இருக்கா."

"பெரட்டுக்கு வராம யாரு மலைக்கு அனுப்புனது?" கண்டாக்கு முன்னால் வந்தார்.

மீனம்மா கண்டாக்கைப் பார்க்கவில்லை. நேரே துரையைப் பார்த்துத்தான் சொன்னாள். குரல் உயரவே இல்லை.

"பத்து வருஷமா அங்கதாங்க இருக்கா. ஏழாம் நம்பர் மலை, மடுவத்துக்கு மேல. தொர வந்தா காட்டறேன். புஸ்தகத்துல இருக்கிற பன்னெண்டு வயசு அவளுக்குத்தாங்க. எனக்கு மக ரெண்டு. பெரியவ மலையில இருக்கா, சின்னவ பள்ளிக்கொடத்துக்குப் போயிட்டா. வேலைக்கு ஆள் வேணும்னா பெரியவளக் கூப்பிடுங்க. வந்தா நானும் பாத்துக்கறேன்."

நின்ற இருநூறு பேருக்குள் எங்கேயோ பின்வரிசையிலிருந்து கிழவன் மூக்கன் சொன்னான், "நாந்தாங்க குழி வெட்டுனேன்." இன்னொரு பெண் குரல், "நான் குளிப்பாட்டுனேங்க." இன்னும் இரண்டு மூன்று பேர். மூட்டத்தில் யார் என்று தெரியவில்லை. தெரியாததுதான் நல்லது, கண்டாக்கு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துரை தன் தமிழில் "பேர் வெட்டு" என்று சிவசாமியிடம் சொன்னார்.

"வெட்டக் கூடாதுங்க" என்றாள் மீனம்மா. "அது அவ பேரு. அது அப்படியே இருக்கட்டும். கூப்பிடாதீங்க, அவ்வளவுதான்."

துரையிடம் ஒரு கூலிக்காரி கூடாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. துரையும் கேட்டிருக்கமாட்டார். கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். கண்டாக்கிடம் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை, அவர் முகம் சுண்டிப்போனது. குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இடாப்பை யாரும் கேட்கவில்லை. நான் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முட்டாள் மாதிரி நின்றேன்.

இத்தனை நாள் இந்தச் சண்டையை நான் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மீனம்மா என்னைக் கடந்து போகும்போது, "சின்னவ விடிய முன்னவே வந்து பள்ளிக்கொட வாசல்ல குந்தியிருக்குங்க. சாப்பிடல" என்றாள். செத்துப்போனாள் என்ற வார்த்தையை அவள் கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

28-10-1937, வியாழன்

இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வகுப்புப் பிள்ளைகள் பாட்டை மறந்து நின்றார்கள், ஒருத்தி பயத்தில் அழுதாள். போகட்டும்.

அம்மாக்கண்ணுவுக்கு வாசிப்பு முழுக்கச் சரி. கணக்கில் ஐந்துக்கு மூன்று. வகுத்தல் இரண்டும் தப்பு. எட்டு நாள் மலையில் இருந்ததற்கு அதுவே அதிகம். 'என் வீடு' என்று ஐந்து வரி எழுதச் சொன்னார். அவள் எழுதினதை நான் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன்:

'எங்கள் வீடு பணிய லயத்தில் உள்ளது. எங்கள் வீட்டில் நாலு பேர். அப்பா ஸ்டோரில் வேலை. அம்மாவும் அக்காவும் மலையில். நான் படிக்கிறேன்.'

கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார் இன்ஸ்பெக்டர். எனக்கு ஜன்னல் பக்கம் போக வேண்டியிருந்தது.

இடாப்பில் சிவப்பு மையைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். சொன்னேன், ஒன்று விடாமல். அந்தப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார். அழித்தால் இனி அவர் கையெழுத்தையும் சேர்த்துத்தான் அழிக்க வேண்டும்.

பாஸ்.

29-10-1937, வெள்ளி

லீவு. நேற்று மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடின ஓட்டத்தில் பெஞ்சு இரண்டு கவிழ்ந்தது. பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பூட்டினேன். பகல் முழுக்கத் தூங்கினேன். அன்னம்மா இரண்டு தடவை வந்து மூச்சு இருக்கிறதா என்று பார்த்தாளாம்.

8-11-1937, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. முதல் மணி அடிக்கும் முன்னே கண்டாக்கு வந்தார். இன்றைக்கு 'நீர்' இல்லை, 'நீங்க'.

"அந்தச் சின்னப் புள்ளையோட பொறந்த தேதி எழுதிக் குடுங்க வாத்தியாரே. ஆபீஸ் புஸ்தகத்துல அவ பேரே இல்ல. பதியணும்."

பதிந்தால்தானே அடுத்த வருஷம் பத்து வயது ஆகும்! நான் இடாப்பில் எழுதியிருப்பது பொய் வயது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், பொய்யை எழுதி ஆபீஸுக்குக் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். நேற்று மீனம்மாவிடமும் போய்க் கேட்டிருக்கிறார். ஊரில் பிறந்தது, நல்ல மழை என்றாளாம். எந்த மாதம் என்று கேட்டதற்கு, மழை மாதம் என்றாளாம். அழகுமுத்துவைக் கேட்டாராம். அவன்தான் வாயையே திறக்க மாட்டானே.

ஆக, தோட்டத்துக் கணக்கில் அவள் இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காத பிள்ளைக்கு எந்த வருஷம் பத்து வயதாகும் என்று மனுஷன் உட்கார்ந்து யோசிக்கட்டும். என்றைக்காவது காகிதம் தேடிப் பிடிப்பார், தெரியும். அதற்குள் இவள் எவ்வளவு படிக்க முடியுமோ அவ்வளவு படிப்பாள்.

அவர் போனதும் இடாப்பில் புதுப் பக்கம் திருப்பிக் கோடு போட்டேன். கோடு கோணலாக வந்தது.

நாலாம் வகுப்பு. பதிவு ஒன்று. வரவு ஒன்று.